எதிரியின் பெட்டகத்தில் பிழைத்த ஏடுகள்: லண்டன், கியூ, ஆக்ஸ்ஃபோர்டு பயணக் குறிப்புகள்

திங்கள், பிரிட்டிஷ் நூலகம்

1579ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கருத்தை எழுதினார்கள். முதலாம் எலிசபெத் அரசி, பிரெஞ்சு அரசரின் தம்பியான அஞ்சூ கோமகனை மணக்கக் கூடாது; கத்தோலிக்கரான அவர் அரசியின் கணவராக வந்தால் சீர்திருத்தச் சமயத்துக்கும் நாட்டுக்கும் கேடு விளையும் என்பதே அந்தக் கருத்து. ஜான் ஸ்டப்ஸ் என்பவர் அதை நூலாக அச்சிட்டு வெளியிட்டார். நவம்பர் 3ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில், மக்கள் கூடிநிற்க, அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. நூலைப் பரப்பிய வில்லியம் பேஜுக்கும் அதே தண்டனை. வெட்டுண்டதும் ஸ்டப்ஸ் இடக்கையால் தொப்பியைக் கழற்றி, அரசியைக் கடவுள் காக்கட்டும் என்று முழங்கிவிட்டு மயங்கி விழுந்தார் என்பது அன்று அங்கே நின்றவர்களின் சாட்சியம். சர் ஃபிலிப் சிட்னியோ அதே எதிர்ப்பை அரசிக்கு எழுதும் கடிதமாக வடித்தார். அது அச்சேறவில்லை, கையால் படியெடுக்கப்பட்டு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்றது. சிட்னிக்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. அவர் உயர்குடிப் பிறப்பினர், லெஸ்டர் பிரபுவின் சகோதரி மகன் என்பதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணமன்று. அச்சு ஊருக்குச் சொன்னது. கையெழுத்து உரியவருக்குச் சொன்னது. அந்த அரசு இவ்விரண்டையும் வெவ்வேறு குற்றங்களாகவே எடைபோட்டது.

இன்று கையெழுத்துப் பிரதிகளுக்கான வாசிப்பறையில் நான் முதலில் கேட்டு வாங்கியது சிட்னி கடிதத்தின் ஒரு படியைத்தான். அந்தக் கடிதத்துக்குப் பல படிகள் இருக்கின்றன. அவற்றுள் கணிசமானவை 1620களிலும் 1630களிலும், அதாவது சிட்னி இறந்து ஒரு தலைமுறை கடந்தபின், தொழில்முறைப் படியெழுத்தர்களால் எழுதப்பட்டவை. 1620களின் தொடக்கத்தில் இளவரசர் சார்லஸுக்கு ஸ்பெயின் நாட்டு இளவரசியை மணமுடிக்கும் பேச்சு நடந்தது. கத்தோலிக்க மணத்துக்கு எதிரான பழைய வாதம் அப்போது மீண்டும் தேவைப்பட்டது. பெயர்பெற்ற ஒருவர் அதை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். இறந்துபோனவரைக் கைது செய்ய முடியாது என்பதைப் படியெடுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

படியைத் திறந்தால் முதல் பார்வையில் எதுவும் பிடிபடுவதில்லை. அக்கால அலுவலக எழுத்தில் 'ஈ' எழுத்து தலைகீழாகத் திரும்பி நிற்கும். 'ஹெச்' கோட்டுக்குக் கீழே சுழித்து இறங்கும். 'சி' எழுத்தை 'ஆர்' என்று கொள்ளும்படி இருக்கும். 'பி' எழுத்தின் காலில் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் அதை மூன்றெழுத்தாக விரித்துப் படிக்க வேண்டும். ஒரு பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கை பழகிவிடுகிறது. அடுத்த எழுத்தர் வந்ததும் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மை நன்கு பழுப்பேறியிருந்தது. மாசிக்காயை ஊறவைத்து, அன்னபேதியும் வேலம் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய மை அது. மூன்றும் நம் நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் கிடைப்பவை. எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப்பட்டுக் கறுத்து, நூற்றாண்டுகள் கழித்துப் பழுப்பாகும் இந்த மைக்குத் தாளையே அரிக்கும் குணமும் உண்டு. எழுத்தர் கையை அழுத்திய இடங்களில், எழுத்தின் வடிவத்திலேயே தாள் உதிர்ந்திருந்தது.

பிற்பகல் முழுவதும், பழஞ்சுவடிகளைச் சேகரித்த சர் ராபர்ட் காட்டனின் தொகுப்பில் கழிந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில், நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் நடுவே அவருடைய வீடு இருந்தது. அலமாரிகளின் மேல் உரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகளை வைத்திருந்தார். அந்தப் பேரரசர்களின் பெயர்களே இன்றுவரை அந்தச் சுவடிகளின் அடையாள எண்களாகத் தொடர்கின்றன. வாதாடும் உறுப்பினர்கள் பழைய ஆவணங்களைத் தேடி அவர் வீட்டுக்குப் போய்வந்தார்கள். மன்னர் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதற்கான முன்னுதாரணங்கள் அந்த அலமாரிகளில் இருந்தன.

1629 நவம்பரில் அந்த நூலகம் பூட்டப்பட்டது. காரணம் ஒரு சிறு கையெழுத்துப் பிரதி. நாடாளுமன்றத்தை அடக்கிவைக்க மன்னர் என்னென்ன செய்யலாம் என்று ஆலோசனை கூறும் அந்த ஏட்டை, ஏறத்தாழ 1614இல் ஃபுளோரன்ஸில் இருந்த ராபர்ட் டட்லி, முதலாம் ஜேம்ஸின் தயவைப் பெறும் நோக்கில் எழுதியனுப்பினார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, சார்லஸ் மன்னர் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுத் தனியாட்சி தொடங்கிய ஆண்டில், அது காட்டன் நூலகத்திலிருந்து வெளியே போய்ப் படிமேல் படியாகப் பெருகியது. மன்னருக்குச் சாதகமாக எழுதப்பட்ட ஏடு, மன்னரின் உள்நோக்கம் இதுதான் என்று அஞ்சுவோர் கையில் மன்னருக்கு எதிரான சான்றாகிவிட்டது. காட்டன், சட்ட அறிஞர் ஜான் செல்டன், பிரபுக்கள் சிலர் ஆகியோர் மீது ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 1630 மே மாதம் இளவரசர் பிறந்த மகிழ்ச்சியில் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் நூலகம் திறக்கப்படவில்லை. தம் சுவடிகளைத் தாமே தொட முடியாமல் 1631 மே மாதம் காட்டன் காலமானார். இங்கிலாந்தின் அறிவுலக வரலாற்றில் இதைவிட என்னை வருத்தும் நிகழ்ச்சி ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

செவ்வாய், கியூ

தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பவை அரசின் தாள்கள். எலிசபெத், ஜேம்ஸ், சார்லஸ் ஆட்சிகளின் உள்நாட்டு ஆவணங்கள் தனித்தனி வரிசைகளாக இங்கே இருக்கின்றன. அமைச்சர்கள் எழுதியவற்றோடு, அமைச்சர்கள் பறித்தவையும் அவற்றில் உண்டு. வீட்டுச் சோதனையில் அகப்பட்ட பிரார்த்தனை ஏடுகள், இடைமறிக்கப்பட்ட கடிதங்கள், சிறையில் வாங்கிய வாக்குமூலங்கள் எல்லாம் ஒரே கட்டில் கிடக்கின்றன.

நாடாளுமன்றத்தையும் மன்னரையும் வெடிவைத்துத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் தீட்டிய 1605 வெடிமருந்துச் சதியின் ஆவணங்களுக்கெனத் தனியே ஒரு தொகுதி உண்டு. எனக்குக் கிடைத்தது படப்பிரதி; ஆனால் திரையில் வேண்டிய அளவு பெரிதாக்க முடிந்தது. நவம்பர் 6ஆம் நாள் ஜேம்ஸ் மன்னர் தம் கையாலேயே எழுதிய விசாரணைக் குறிப்பு அதில் இருக்கிறது. பிடிபட்டவன் யார், எங்கே பிறந்தான், பெற்றோர் யார் என்று கேள்விகளை அடுக்கிவிட்டு, ஒப்புக்கொள்ளாவிட்டால் முதலில் மென்மையான சித்திரவதையைப் பயன்படுத்துங்கள், பின்னர் படிப்படியாகக் கடுமைக்குச் செல்லுங்கள் என்று எழுதுகிறார். படிப்படியாக என்பதை மட்டும் இலத்தீனில் சொல்கிறார். நவம்பர் 9ஆம் நாள் வாக்குமூலத்தின் அடியில், பிடிபட்ட காய் ஃபாக்ஸின் கையொப்பம். 'கைடோ' என்ற முதற்பெயர் மட்டும், மிக மங்கலாக, பிடிப்பற்ற கோடுகளாக நிற்கிறது, குலப்பெயர் இல்லை. சில நாட்களுக்குப் பிந்தைய ஆவணத்தில் அதே கை ஓரளவு தேறியிருக்கிறது. மன்னரின் குறிப்பையும் இந்தக் கையொப்பத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, அந்த மூன்று நாட்களில் நடந்ததை வேறு யாரும் விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்று என்னை நெடுநேரம் பிடித்துவைத்தவை ஹென்றி கார்னெட்டின் கடிதங்கள். அவர் இங்கிலாந்தில் இயங்கிய இயேசு சபைத் துறவிகளின் தலைவர். 1606இல் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து ஆன் வாக்ஸ் என்ற அம்மையாருக்கு அவர் எழுதியனுப்பிய தாள்களில் மையால் எழுதியது சொற்பம்: மூக்குக்கண்ணாடிக்குத் தோல் உறை வேண்டும் என்பது போன்ற அன்றாடத் தேவைகள். மீதியிடத்தில் ஆரஞ்சுச் சாற்றால் எழுதியிருந்தார். தீயருகே காட்டினால்தான் அந்த எழுத்து வெளிப்படும். எலுமிச்சைச் சாற்றைவிட ஆரஞ்சுச் சாற்றை அவர்கள் விரும்பியதற்குக் காரணத்தை மற்றோர் இயேசு சபையினரான ஜான் ஜெரார்டு தம் வாழ்க்கைக் குறிப்பில் தெளிவாகச் சொல்கிறார்: எலுமிச்சை எழுத்து நீரிலோ சூட்டிலோ தோன்றி, பிறகு மறைந்துவிடும், ஆரஞ்சு எழுத்து சூட்டில் ஒருமுறை வெளிப்பட்டால் அப்படியே தங்கிவிடும். ஆகவே கடிதத்தை வழியில் யாரேனும் படித்திருந்தால் பெறுபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்தக் காப்பு ஏற்பாட்டினாலேயே இக்கடிதங்கள் இன்று கியூவில் இருக்கின்றன. சிறைக்காவலர்கள் அவற்றைச் சூடுகாட்டிப் படித்தார்கள். படித்தபின் உரியவருக்கு அனுப்ப வழியில்லை. அனுப்பாததைத் தூக்கியெறியவும் இல்லை. வழக்குக்குச் சான்றாகக் கட்டி வைத்தார்கள். அன்று வெளிப்பட்ட பழுப்பு வரிகள் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன. ஆன் வாக்ஸின் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால், எச்சரிக்கையான எவரும் செய்வதைப் போல அவர் அவற்றை அடுப்பிலிட்டிருப்பார். தவறான கைக்குப் போனதால் பிழைத்த எழுத்து இது. இனிப் பார்க்கப்போகும் ஒவ்வொரு சுவடியிடமும், உன்னைக் காப்பாற்றியவர் யார் என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்று இங்கே முடிவு செய்தேன்.

புதன், கியூ, பிறகு பட்னி

அந்தக் கேள்விக்கு ஜான் மில்டனின் இலத்தீன் இறையியல் சுவடி தரும் விடை வியப்பானது. மில்டன் 1652 முதல் முழுப் பார்வையற்றவர். ஆகவே இந்த நூலைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். ஜெரமி பிகார்டு என்பவர் செம்மையாக எழுதிய பிரதியில் பின்னர் பலர் வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் திருத்தங்களைச் சேர்த்திருக்கிறார்கள். மகன் தந்தைக்கு நிகரானவர் அல்லர் என்று, மூவொரு கடவுள் கொள்கையை மறுக்கும் வாதம் இதில் விவிலிய மேற்கோள்களின் மேல் பொறுமையாகக் கட்டப்பட்டிருக்கிறது. மில்டன் 1674இல் இறந்தார். அவருடைய உதவியாளராயிருந்த இளைஞர் டேனியல் ஸ்கின்னர், முதல் 196 பக்கங்களை அழகாகத் திரும்ப எழுதி, ஆம்ஸ்டர்டாமில் எல்செவிர் பதிப்பகத்துக்கு அனுப்பினார். ஆங்கில அரசின் காதுக்குச் செய்தி எட்டியது. ஸ்கின்னருக்கு நெருக்கடி வந்தது. சுவடி ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பி, அரசுச் செயலரின் அலுவலகத்துக்குள் போய் மறைந்தது. 1823இல் ராபர்ட் லெமன் என்ற அதிகாரி பழைய அரசுத் தாள் அலுவலகத்தின் அலமாரி ஒன்றில் அதைக் கண்டெடுத்தார். வணிகர் ஸ்கின்னருக்கு (டேனியலின் தந்தை) என்று முகவரியிட்ட உறை அப்படியே இருந்தது.

ஏட்டைப் புரட்டும்போது ஸ்கின்னரின் பகுதி முடிந்து பிகார்டின் பகுதி தொடங்கும் இடம் கண்ணில் அறைகிறது. அதுவரை திருத்தமின்றி ஓடிய வெண்மையான ஓரங்கள், அந்தப் பக்கத்திலிருந்து சேர்க்கைகளால் நிரம்பிவழிகின்றன. அச்சுக்கெனத் துப்புரவாக்கிய முகம் முதலில். ஆண்டுக்கணக்கில் வாதித்துத் திருத்திய உழைப்பு பிறகு. கடைசிவரை ஸ்கின்னர் திரும்ப எழுதி முடித்திருந்தால், அந்த உழைப்பு நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மாலையில் ரயில் மாறி பட்னி சென்றேன். தேம்ஸ் கரையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தில் 1647 அக்டோபர் 28 அன்று, உள்நாட்டுப் போரில் மன்னரை வென்ற நாடாளுமன்றப் படையின் அதிகாரிகளும் வீரர்களின் பிரதிநிதிகளும் கூடி, நாட்டின் எதிர்கால அரசமைப்பை விவாதிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் மிக ஏழையான மனிதனுக்கும் மிகப் பெரிய மனிதனைப் போலவே வாழ ஓர் உயிர் இருக்கிறது என்ற கர்னல் தாமஸ் ரெயின்பரோவின் வாசகம் ஆலயச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வாசகத்தை நமக்குத் தந்த ஏடு ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

வியாழன், லாம்பெத்

கேன்டர்பரி பேராயர்களின் நூலகம் 1610இல் ரிச்சர்டு பான்கிராஃப்ட்டின் உயிலால் உருவானது. 2021 முதல் அரண்மனைத் தோட்டத்தின் ஓரத்தில் புதிய கட்டடத்தில் இயங்குகிறது. பான்கிராஃப்ட் தம் வாழ்நாளில், திருச்சபைச் சீர்திருத்தம் போதாது என்ற பியூரிட்டன்களைத் தேடிப் பிடிப்பதில் முன்னின்றவர். அவர்களுடைய கடிதங்களைக் கைப்பற்றி, அவற்றிலிருந்தே மேற்கோள் காட்டி 1593இல் அவர்களுக்கு எதிராக அச்சிட்டவர். உள்நாட்டுப் போரில் பேராயர் பதவியே ஒழிக்கப்பட்டபோது நூலகம் கேம்பிரிட்ஜுக்குப் போனது. மன்னராட்சி மீண்டபின் திரும்பிவந்தது.

இங்கே பார்க்க விரும்பியது ஒரே ஓர் ஆவணம்: ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு மரண தண்டனை நிறைவேற்ற எலிசபெத் ஒப்பமிட்ட ஆணையின் சமகாலப் படி. மூலம் கிடைக்கவில்லை. ஆணையை ஃபோதரிங்கே கோட்டைக்கு எடுத்துச் சென்ற ஆலோசனைச் சபைச் செயலர் ராபர்ட் பீலுடன் தொடர்புடைய இந்தப் படியை நூலகம் 2008இல் வாங்கிக் காத்தது. அக்காலத்தில் ஆங்கிலேயர்க்கு ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. அதனால் நம் கணக்கில் 1587 பிப்ரவரியில் நடந்த செயலை அவர்களின் தாள்கள் 1586 என்று குறிக்கும். இது தெரியாமல் கடிதங்களை வரிசைப்படுத்தினால் விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

பகைவன் காத்தான் என்ற என் எண்ணத்துக்கு எதிரான சான்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1588இல் இறந்த ஜான் ஃபீல்டு என்ற பியூரிட்டன் போதகர், தம் தோழர்கள் பட்ட விசாரணைகள், விண்ணப்பங்கள், பதவி பறிப்புகள் பற்றிய தாள்களை ஊர் ஊராகக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். அவற்றில் ஒரு பகுதி பின்னர் அச்சேறியது. மீதி கையெழுத்துத் தொகுதியாகவே டாக்டர் வில்லியம்ஸ் நூலகத்துக்குச் சேர்ந்தது. துன்புற்றவர்கள் தாங்களே கட்டியெழுப்பிய ஆவணக் காப்பகம் அது. அத்தகையவை குறைவு என்பதாலேயே ஃபீல்டின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

வெள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, பாட்லியன் நூலகம்

1605 டிசம்பரில் அரசு வழக்கறிஞர் சர் எட்வர்ட் கோக், வெடிமருந்துச் சதியில் சிக்கிய ஃபிரான்சிஸ் ட்ரெஷாமின் குடும்பத்தார் இன்னர் டெம்பிளில் பயன்படுத்திய அறையைச் சோதனையிட்டபோது ஒரு கையெழுத்து நூல் அகப்பட்டது. மனத்துக்குள் ஒரு பகுதியை மறைத்துவைத்துக்கொண்டு, வாயால் உண்மையின் ஒரு பகுதியை மட்டும் கூறுவது பொய்யாகுமா என்பதே அதன் பொருள். ஒளிந்திருக்கும் பாதிரியாரை வேட்டையாட வந்தவன், அவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டால் வீட்டுக்காரர் என்ன சொல்லலாம்? கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது உயிரையும் ஆன்மாவையும் ஒருசேரப் பற்றிய கேள்வி. எழுதியவர் செவ்வாயன்று நாம் கண்ட அதே கார்னெட்.

தலைப்புப் பக்கத்தில்தான் இந்தச் சுவடியின் உயிர் இருக்கிறது. இருபொருள்படப் பேசுதலைப் பற்றிய ஆய்வு என்றிருந்த தலைப்பைக் கார்னெட் தம் கையால் அடித்துவிட்டு, பொய்க்கும் வஞ்சக மறைப்புக்கும் எதிரான ஆய்வு என்று மாற்றியிருக்கிறார். அதே ஏட்டில், இதை நான் இன்ன இடத்தில் கண்டெடுத்தேன் என்று கோக் எழுதி ஒப்பமிட்ட குறிப்பு. குற்றம் சாட்டப்பட்டவரின் கையும் குற்றம் சாட்டியவரின் கையும் ஒரே ஏட்டுக்குள் இருக்கின்றன. 1606 மார்ச் 28இல் நடந்த விசாரணையில் கோக் இந்த நூலைக் கார்னெட்டுக்கு எதிராகத் திருப்பினார். மே 3இல் கார்னெட் தூக்கிலிடப்பட்டார்.

சுவடி பின்னர் பேராயர் வில்லியம் லாடின் உடைமையாகி, 1635க்கும் 1640க்கும் இடையில் அவர் பாட்லியனுக்கு வழங்கிய சுமார் 1,300 கையெழுத்துப் பிரதிகளோடு இங்கு வந்தது. அந்த லாடின் சொந்தத் தாள்களுக்கு நேர்ந்ததும் இதே கதிதான். அவர் ஆட்சியில் இருமுறை செவியறுபட்ட வில்லியம் பிரின், 1643 மே மாதம் விடியற்காலையில் கோபுரச் சிறைக்கு வந்து, லாடின் அறையையும் சட்டைப் பைகளையும் சோதித்து, அவருடைய நாட்குறிப்பைப் பறித்துச் சென்றார். மறு ஆண்டு அதைத் தமக்கு வேண்டியபடி வெட்டி ஒட்டி அச்சிட்டார். 1645 ஜனவரியில் லாடின் தலை வீழ்ந்தது. பறிபோன நாட்குறிப்பு இன்று அவர் பயின்ற தூய ஜான் கல்லூரியில், இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. பிரினின் காயத்தை நினைத்தால் அவருடைய சினம் புரிகிறது. ஆனாலும் ஒருவரின் அந்தரங்கப் பிரார்த்தனைகளைச் சிதைத்து அச்சிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

திங்கள், ஆக்ஸ்ஃபோர்டு, வொர்ஸ்டர் கல்லூரி

பட்னியில் வாதம் நடந்தபோது, படைச் செயலகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் அதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். அக்டோபர் 28, 29, நவம்பர் 1 ஆகிய நாட்களின் பேச்சுகள் விரிவாக இருக்கின்றன. விவாதம் அதன்பின்னும் தொடர்ந்தது, ஆனால் அந்த விரிவு நின்றுவிடுகிறது. நான் இன்று படித்தது 1662இல் அவர் மேற்பார்வையில் விரித்தெழுதப்பட்ட பிரதி. பேச்சின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காத இடங்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன: தொடங்கி முடியாத வாக்கியங்கள், ஒருவர் விடையளித்தபின் வரும் மற்றவரின் கேள்வி, யார் பேசியது என்று புரியாத வரிகள். வாக்குரிமை நிலையான சொத்துடையவர்க்கே என்று படைத்தலைவர் ஹென்றி அயர்ட்டன் மீண்டும் மீண்டும் இடித்துரைக்க, ரெயின்பரோ மறுத்தெழும் பகுதி மட்டும் ஏறக்குறையத் தடையின்றி ஓடுகிறது. எழுத்தரும் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று நம்பத் தோன்றுகிறது. வரலாற்றாசிரியர் சார்லஸ் ஃபர்த் 1891இல் இதைப் பதிப்பித்தபோது, குழம்பிய இடங்களில் வாக்கியங்களை இடம்மாற்றி ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. அந்த ஒழுங்கைப் படித்துப் பழகியவர்கள் ஒருமுறையேனும் மூலத்தின் குழப்பத்தைப் பார்க்க வேண்டும். அது ஓர் அறையில் பலர் ஒரே நேரத்தில் பேசிய குழப்பம்.

1662 என்ற ஆண்டுதான் என்னை விடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டாம் சார்லஸ் கிளார்க்குக்குச் சர் பட்டம் அளித்திருந்தார். கிளார்க் அப்போது அரச படையின் செயலர். அவருடைய தந்தை முதலாம் சார்லஸ் மன்னரைக் கொல்லத் தீர்ப்பளித்தவர்கள் தூக்குமேடை ஏறிக்கொண்டிருந்த காலம். அதே ஆண்டில் நாடாளுமன்றம் அச்சுத் தணிக்கைச் சட்டத்தையும் மீண்டும் கொண்டுவந்தது. மன்னரின் சம்பளத்தில் இருந்துகொண்டு, மன்னராட்சியின் வேரையே கேள்வி கேட்ட பேச்சுகளைக் கிளார்க் வரிவரியாக விரித்தெழுதச் செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து டச்சுக்காரர்களுடனான கடற்போரில் காயமுற்று இறந்தார். அவருடைய மகன் ஜார்ஜ் கிளார்க் 1736இல் இறந்தபோது, தந்தையின் தாள்களையும் சேர்த்துத் தம் நூல்களை இந்தக் கல்லூரிக்கு விட்டுச் சென்றார். இவற்றைக் காத்தவர் பகைவரும் அல்லர், இலட்சியத் தோழரும் அல்லர். தம் அலுவலகத்தின் பதிவுகள் முழுமையாக இருக்க வேண்டும் என்று கருதிய ஓர் எழுத்தர். ரெயின்பரோவின் பக்கம் அவர் நின்றதற்கு இந்த ஏட்டில் நான் தேடிய அளவில் எந்தக் குறிப்பும் இல்லை. அயர்ட்டனின் நீண்ட பேச்சுகளையும் அதே அக்கறையோடு எழுதியிருக்கிறார்.